மூளைக்குப் படியளக்காத ஞாயிற்றுக்கிழமை

நான் குடித்துவிட்டுக் கோயிலில் விழுந்தவன் என்று சொல்கிறவர்கள் சாந்தோமில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் ஊர் அதைக் கள் என்றுதான் சொல்லும். நான் குடித்தது பாலும் இல்லை என்பதால் அந்தப் பழமொழிகூட எனக்கு முழுசாகக் கைகொடுக்காது. ஆனால் அன்று என் தலைக்குள் நடந்தது வெறும் குடிவெறி இல்லை. அது என்ன என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன். சர்க்கரை வியாதி புகுந்த வீடுகளில் யாராவது படித்தால் பிரயோஜனப்படும் என்று எழுதுகிறேன். இப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் அசந்து போகிறது. நாலு வரி எழுதிவிட்டுச் சாய்ந்துகொண்டு, பிறகு நாலு வரி எழுதுகிறேன். ஒழுங்கு தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சூசை. மயிலாப்பூர்க் கடைவீதியில் இஸ்மாயில் பாய் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பெல்லாம் சேலை எடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்து வந்தது. நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து, "சாயம் போற சேலைய வித்துட்டு நாளைக்கு மூஞ்ச எங்க வச்சுக்குவ நைனா?" என்று கேட்டாள் என்றால் அதை நான் அன்றிரவு மனத்துக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்ப்பேன். யார் என்ன நல்ல சொல் சொன்னாலும் விடமாட்டேன். மறுநாள் அதே சொல்லை வைத்து வேறொருவருக்குச் சேலை விற்றுவிடுவேன். "நான் கஜக்கோலால அளக்கிறேன், சூசை வாயால அளக்கிறான், அவன் அளக்கிறதுதான் சீக்கிரம் போவுது" என்று பாய் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவார். என் பிழைப்பே வாய்தான் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சர்க்கரை வியாதி வந்தது யுத்தம் தொடங்கிய பிறகு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சட்டை தோளிலிருந்து வழிந்தது. கொல்லைப்புறத்தில் நான் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. உடம்பில் சர்க்கரையைச் செலவழிக்க ஒரு சாறு சுரக்க வேண்டுமாம். எனக்கு அது வற்றிவிட்டது என்றார் டாக்டர். அந்தச் சாற்றைப் புட்டியில் அடைத்துச் சீமையிலிருந்து அனுப்புகிறார்கள். அதுதான் இன்சுலின். கப்பல் ஒழுங்காக வராத காலத்தில் அந்தப் புட்டிக்காக என் மனைவி திரேசம்மாள் அலையாத மருந்துக்கடை இல்லை. ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தினமும் காலையில் எனக்குக் குத்துகிறவளும் அவள்தான். "ஒரு நாளும் தவறக்கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். பேச்சு மட்டும் கொஞ்சம். நான் நூறு சொன்னால் அவள் ஒன்று சொல்லுவாள்.

ஊசிக்கு முன்பு ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சர்க்கரை வெளியே போகாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். போனால் பச்சை, மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். எனக்குப் பெரும்பாலும் செங்கல்தான். "இன்னிக்கும் சூளை வச்சிட்டீங்களா?" என்று திரேசம்மாள் கேட்பாள். அவள் நாளுக்குச் சொல்கிற ஒன்று சில நாள் இதுவாகவே இருக்கும்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இனிப்பு வியாதிக்குக் கசப்புதான் எதிரி என்பார்கள். பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து, வெந்தயம் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு கசப்பைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நம்பிக்கையோடுதான் திரேசம்மாளின் தம்பி அந்தோணி லீவில் வந்தான். அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். அடுத்தபடி கிழக்கே சண்டை நடக்கிற பக்கம் போக உத்தரவு. பையில் ஒரு புட்டி ரம் வைத்திருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினான். நான் தயங்கினேன். கிறிஸ்துமசுக்குக் கொஞ்சம் திராட்சை ரசம் தவிர எனக்குப் பழக்கம் இல்லை.

"இதுல இனிப்பு எங்க கீது மாமா? நாக்குல வச்சுப் பாருங்க. வேப்பங்கொட்டையாட்டம் கீது. இது உள்ள போனா உங்க சக்கரை ஓடிப்பூடும்."

திரேசம்மாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பாவக்கா சாறு குடுத்தா மூஞ்ச சுளிக்கிறாரு. இந்தக் கசப்பு மட்டும் எறங்குதா?"

இறங்கியது. ஒன்று இரண்டாயிற்று, பிறகு இன்னொன்று. அவனை வழியனுப்ப ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ரேஷன் அரிசி வந்தவர்களுக்கே சரியாக இருந்தது. மறுபடியும் உலை வைத்தார்கள். நான் பேசிக்கொண்டிருந்தேன். பேச ஆள் கிடைத்தால் எனக்கு வயிறு இருப்பதே மறந்துபோகும். எனக்குத் தட்டு வைத்தபோது கோயில் மணி நடுநிசி அடித்துவிட்டது.

எங்கள் சபையில் ஒரு கட்டளை உண்டு. பூசையில் நன்மை வாங்குகிறவர்கள், அதாவது குருவானவர் நாக்கில் வைக்கும் அப்பத்தைப் பெறுகிறவர்கள், நடுநிசியிலிருந்து பச்சைத்தண்ணீரும் தொடக்கூடாது. அந்தோணி போவதற்கு முன்பு குடும்பத்தோடு நன்மை வாங்குவதாகத் திரேசம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தேன்.

காலையில் குழாயைக் காய்ச்சினேன். நீலம். கடற்கரையில் மழை விட்ட மறுநாள் வானம் இருக்குமே, அந்த நீலம். மாசக் கணக்கில் பார்க்காத நிறம். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா திரேசு? உன் தம்பி கொண்டாந்த கசப்பு வேலை செய்யுது" என்று சொன்னேன். அந்தோணி மீசையைத் தடவிக்கொண்டான். திரேசம்மாள் வழக்கம்போல் வழக்கமான அளவு ஊசி போட்டாள். பூசை முடிந்து வந்து சாப்பிட இட்லி மாவு தயாராக இருந்தது.

அந்த நீலம் என்ன சொல்லிற்று என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. சிறுநீரில் சர்க்கரை இல்லை என்று அது சொல்லும். இரத்தத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது. காலிப் பானையும் சிந்தாது, பாதிப் பானையும் சிந்தாது.

அன்று பாட்டுப் பூசை, நீளம். பிரசங்கத்தின்போது எனக்கு வேர்த்தது. ஜன்னல் வெளிச்சம் இரண்டாகத் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இனி எழுதுவது திரேசம்மாளும் மற்றவர்களும் சொன்னது.

நான் சிரித்துக்கொண்டே எழுந்து போனேனாம். நன்மை வாங்குகிற இடத்தில் முழங்காலில் நின்றேனாம். குருவானவர் என் முன்னால் வந்து குனிந்தபோது, அவர் போட்டிருந்த பட்டு மேலங்கியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்தேனாம். "அசல் சரக்கு சாமி. சாயம் போவாது. தைரியமா எடுத்துக்கினு போங்க" என்று சொன்னேனாம். கோயில் நிறைய ஜனம். சொல்லிவிட்டு அப்படியே பக்கவாட்டில் சரிந்தேன். தூக்க வந்தவர்களுக்கு என் வாயிலிருந்து ரம் வாடை வந்தது. அதோடு தீர்ப்பு முடிந்துவிட்டது.

கோயில் வாசலில் கிடத்தி, குடிகாரனுக்குச் செய்கிற வைத்தியம் எல்லாம் செய்தார்கள். உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் கண்ணைத் திறந்து உளறினேனாம், வாயில் கொடுத்தால் விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததாம். மீன் விற்கிற பெண் ஒருத்தி பக்கத்துக் கடையிலிருந்து ஒரு லோட்டாவில் காபி வாங்கிவந்தாள்.

"வெல்லக் காபி கீதுமா. சூடா ரெண்டு மொணறு ஊத்து, தெளிஞ்சிப்பாரு."

திரேசம்மாள் லோட்டாவைக் கையால் தடுத்தாள். "வேணாங்க. அவருக்குச் சக்கரை வியாதி. இனிப்பு பட்டா ஆவாது."

ரிக்ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தூங்கித் தெளியட்டும் என்று விட்டார்கள். மத்தியானம் தாண்டி எனக்கு வலிப்பு வந்தது. அந்தோணி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, எவனோ ஒரு லாரிக்காரனை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். சாராய வாடையோடு வந்தவனை மூலையில் போடச் சொல்லாமல், "இவருக்கு வேறே ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் பிழைக்க வைத்தது. திரேசம்மாள் சொன்னதும் கையில் நரம்பைத் தேடிச் சர்க்கரைத் தண்ணீரைப் பெரிய ஊசியால் ஏற்றினார்கள். சீக்கிரம் கொடுத்திருந்தால் ஊசி கையிலிருக்கும்போதே எழுந்து உட்கார்ந்திருப்பேனாம். நான் கண்ணை மட்டும் திறந்தேன்.

என் எதிரே காக்கிச் சட்டையோடு ஒருவன் அழுதுகொண்டு நின்றான். யார் என்று தெரியவில்லை. மரியாதைக்கு, "உக்காருங்க" என்றேன். அவன்தான் அந்தோணி. மறுநாள் அவன் ரயில் ஏறிவிட்டான். அந்த ஒரு சொல்லைத்தான் என்னிடமிருந்து சண்டைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு ஆஸ்பத்திரி நாட்கள். எண்ணிக்கை எனக்குத் தெரியாது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லை. விரலைக் குத்தி இரத்தம், கையை மடக்கி இரத்தம். மூளையில் காய்ச்சலோ கசிவோ இருக்கிறதா என்று பார்க்க, என்னை இறால்போல் சுருட்டிப் படுக்க வைத்து முதுகுத்தண்டில் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருந்தது, பயமில்லை என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பெஞ்சில் உட்கார்த்தி வைப்பார்கள். எனக்கு முன்னால் இருப்பவர் தோளில் தூங்கிவிடுவேன். அவரும் தூங்கிக்கொண்டிருப்பார். செலவுக்குத் திரேசம்மாளின் காதில் இருந்தது போயிற்று. அவள் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் பட்டினப்பாக்கத்துக் கோவிந்தசாமி. கட்டுமரக்காரர். மஞ்சள் பூத்த கண், பானை வயிறு. என் கதையைக் கேட்டுவிட்டு அவருக்கு மனசு ஆறவில்லை.

"எத்தினி கிளாசு போட்ட?"

"மூணு."

"மூணுக்கா இம்மாம் பேர் ஓடியாந்தாங்க? நான் மீச மொளைச்ச நாளாக் குடிச்சுக்கினு கீறேன், வவுறுதான் வீங்குச்சு, எவனையும் மறக்கல. உனக்குக் குடிக்கவே வரல நைனா. வராத தொழிலுக்கு ஏன் போற?"

அதற்கு நல்ல பதில் ஒன்று என் வாய்வரை வந்தது. ஒரு பழமொழி. "ஆனைக்கும்..." என்று தொடங்கினேன். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறுகிறவன் இருட்டில் கடைசிப் படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "ஆனைக்கும்... ஆனைக்கு..." கோவிந்தசாமி காத்திருந்தார். பிறகு பாவப்பட்டு, "அடி சறுக்கும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படுத்தபடியே எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலை இருந்தது, வால் இல்லை. ஊர் வாயிலிருந்து இத்தனை வருஷம் பொறுக்கிச் சேர்த்ததை எல்லாம் யாரோ பாதியில் கத்தரித்துப் போட்டாற்போல் இருந்தது. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. சாவுப் பயம் அல்ல. வாய் இல்லாத சூசையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள் என்கிற பயம்.

மறுநாள் டாக்டர் சுற்று வந்தபோது கேட்டேன். சொல் சொல்லாகத் தேடித்தான் கேட்க முடிந்தது. அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் களைத்திருந்தார்.

"கல்லீரலை ஒரு ரேஷன் கடைக்காரன்னு வச்சுக்குங்க. சாப்பிட்ட சக்கரையில கொஞ்சம் எடுத்துப் பூட்டி வைப்பான். நீங்க பட்டினி கிடக்கிற நேரத்தில கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கு அளந்து விடுவான். இருப்பு தீர்ந்தா புதுசாத் தயாரிச்சும் குடுப்பான். மூளை அன்னாடங்காய்ச்சி. அது வீட்டில ஒரு குந்துமணி இருப்பு கிடையாது. நிமிஷத்துக்கு நிமிஷம் வாங்கித்தான் சாப்பிடணும்."

"ரம்?"

"சாராயம் உள்ளே வந்தா கடைக்காரன் எல்லா வேலையையும் போட்டுட்டு அதை அப்புறப்படுத்தப் போயிடறான். சக்கரை தயாரிக்கிறது நின்னு போகுது. உள்ளே எப்படி நடக்குதுன்னு எங்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா கண்ணால பார்க்கிறோம். உங்க வயித்திலயும் ஒண்ணும் இல்லை. அதுக்கு மேலே ஊசியும் போட்டீங்க. இருந்த கொஞ்சத்தையும் அது வாரிக்கிட்டுப் போயிடுச்சு. மூளை பட்டினி கிடந்தா, பார்க்கிறதுக்குக் குடிச்சவன் மாதிரியே இருக்கும். அதே தள்ளாட்டம், அதே சிரிப்பு, அதே உளறல். சாராய வாடையும் அடிச்சா யாருக்குச் சந்தேகம் வரும்?"

கோவிந்தசாமி எழுந்து உட்கார்ந்தார். "அப்ப எனக்கு ஏன் சாமி அப்படி ஆவல?"

"நீங்க ஊசி போட்டுக்கலை. ஆனா சாப்பிடாமக் குடிச்சா உங்களுக்கும் ஆகும். உங்க கடைக்காரனும் பாதி செத்துட்டான்." கோவிந்தசாமி மறுபடி படுத்துவிட்டார்.

டாக்டர் எழுந்திருக்கும்போது திரேசம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்குக் கோயில்ல வாயில ஏதாவது குடுத்தீங்களா?"

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். காபி வந்ததையும் தடுத்ததையும்.

"அடடா," என்றார் டாக்டர். "அந்த லோட்டாவே போதுமே. அங்கேயே எழுந்து நடந்திருப்பாரே." நல்ல மனிதர். யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும், யாரும் சொல்லலையே" என்றார். அதற்குள் அந்தச் சொல் அவள் மனசுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு திரேசம்மாள் என்னிடம் நாளுக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை. கஞ்சி கொண்டுவருவாள், முகம் துடைப்பாள், தரையைப் பார்ப்பாள். என் பழைய வாய் இருந்திருந்தால் ஒரு நொடியில் அவளைச் சிரிக்க வைத்திருப்பேன். "நீ மற்றவர்கள் சொன்னதைத்தானே செய்தாய்" என்று சொல்ல எனக்குத் தோன்றியது. சொல்லப் போனால் "நீ... நீ சொன்ன..." என்று நின்றது. நான் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்து அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாய் வந்தார். கையில் ஒரு பொட்டலம் ரொட்டி. தள்ளி நின்றார்.

"குடிச்சியா சூசை?"

"குடிச்சேன் பாய்."

"சரி. பொய் சொல்லல." கிட்டே வந்து உட்கார்ந்தார். திரேசம்மாள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கால்மாட்டில் கிடந்த ஆஸ்பத்திரிப் போர்வையின் முனையைத் தூக்கிப் பிடித்தார். "எங்க, இத எனக்கு வித்துக் காட்டு பாப்போம்."

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் முனையை வாங்கினேன். விரல்கள் தானாகத் தேய்த்துப் பார்த்தன. விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "பாய், இது வந்து... கெட்டி... நூல்... இது எடுத்தா..." பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மடிக்கிற வேலை நெறைய கீதுப்பா. மொதல்ல அதப் பாரு. வாய் எங்க போவும், வரும்" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. கடையில் பின்பக்கம் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிடுகிறேன். வீதியில் சிலர் என்னைப் பார்த்துக் கையைக் கிளாஸ்போல் தூக்கிக் காட்டுகிறார்கள். நானும் கையைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தோணியிடமிருந்து கடிதம் வருகிறது. ஒவ்வொன்றிலும் "மாமாவுக்கு என்னைத் தெரிகிறதா?" என்று கேட்கிறான். தெரிகிறது என்று எழுதிப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தது மட்டும் ஞாபகத்துக்குத் திரும்பவே இல்லை. டாக்டர், வராது என்று சொல்லிவிட்டார். சாராயம் இனி ஒரு சொட்டும் கிடையாது. ஊசி போட்டால் உடனே சாப்பாடு. சாப்பிட முடியாத நாளில் டாக்டரைக் கேட்காமல் ஊசி கிடையாது. குருவானவரும் எனக்கு உபவாசத்தைத் தளர்த்த மேலிடத்தில் அனுமதி கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர் திடீரென்று வேர்த்து உளறினால், வாயில் வாடை அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி, விழுங்குகிற நினைவு இருந்தால் முதலில் இனிப்பைக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, திரேசம்மாள் குழம்பை நிறைய ஊற்றிவிட்டாள். நான் பழைய பழக்கத்தில், "ஆத்துல போட்டாலும்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். வால் வரவில்லை. விரலைச் சோற்றில் வைத்துக்கொண்டு தேடினேன்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கும் பழமொழிக்கும் என்றைக்கும் சம்பந்தம் இல்லை. கொஞ்சம் யோசித்து, "ஆத்துல போட்டாலும் மீனுக்காவது ஆவும்" என்றாள்.

சரியா என்று கேட்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த லோட்டாக் காபியைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான். "சரிதான்" என்றேன்.

அன்றிலிருந்து நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவள் ஏதோ ஒன்றை வைத்து முடிக்கிறாள். பாதி தப்பு. சிலது அசலைவிட நன்றாக இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது எனக்கு நாலைந்து நாளிலேயே ஞாபகம் வந்துவிட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கடையில், துணி மடிக்கும்போது, வந்துகொண்டிருக்கின்றன. பாயிடம் சொல்லிக் காட்டுகிறேன். அடுத்த பண்டிகைக்கு முன்பக்கம் வந்து நில் என்கிறார்.

வீட்டில் மட்டும் நான் இன்னும் பாதியில்தான் நிறுத்துகிறேன்.